போகஹான்டஸ் கவுண்டி, மேற்கு வர்ஜீனியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டன், வடக்கு வர்ஜீனியா பக்கம் இருக்கும் நம் ஆட்கள் பலர் "செல்போன் எடுக்காத ஊர் ஒன்று இருக்கிறதாமே, அங்கே போனால் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். ஊரின் கதையும் நிலமும்தான் இதில் அதிகம். சோறு, தண்ணீர், பெட்ரோல் விவரம் கடைசியில்.

இது எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய இடம்?

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், வர்ஜீனியா எல்லையை ஒட்டி. வாஷிங்டனிலிருந்து காரில் நாலு நாலரை மணி நேரம், அதில் கடைசி ஒன்றரை மணி நேரம் வளைவு மேல் வளைவு, வயிறு புரட்டுகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. தனி நீதிமன்றம், ஷெரீப், பள்ளி வாரியம் எல்லாம் உண்டு. பரப்பு சுமார் 2,440 சதுர கிலோமீட்டர். ஆட்கள்? 2020 கணக்கெடுப்பில் 7,869 பேர், அதாவது சதுர கிலோமீட்டருக்கு மூன்று பேர் சொச்சம். தலைநகரான மார்லின்டனில் மொத்தமே ஆயிரம் பேர் அளவுக்குத்தான் இருக்கிறார்கள்.

1920-ல் இதே கவுண்டியில் சுமார் 15,000 பேர் இருந்தார்கள். பாதிப் பேர் எங்கே போனார்கள் என்பது மரம் வெட்டின கதை, கீழே வருகிறது.

போகஹான்டஸ் இங்கே பிறந்தவரா?

இல்லை, இந்தப் பக்கமே வந்ததில்லை. அவர் வர்ஜீனியாவின் கடலோரத்தில் வாழ்ந்த பவ்ஹாட்டன் பழங்குடித் தலைவரின் மகள், 1617-ல் இங்கிலாந்தில் இறந்துபோனார். இந்தக் கவுண்டி 1821-ல்தான் உருவானது. அப்போது இதெல்லாம் வர்ஜீனியாவாக இருந்ததால் வர்ஜீனியாக்காரர்களுக்குப் பிடித்த பெயரை வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

மேற்கு வர்ஜீனியா என்றால் நிலக்கரிதானே? இங்கே சுரங்கம் உண்டா?

"போகஹான்டஸ் நிலக்கரி" என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய கரி இருக்கிறது, அதனால்தான் இந்தக் குழப்பம். அந்தக் கரிப் படுகை தெற்கே வெகு தூரம் தள்ளி, மெக்டவல், மெர்சர் கவுண்டிகள் பக்கம். இந்தக் கவுண்டி மரத்தால் வாழ்ந்து மரத்தால் தேய்ந்தது.

மலைகள் எவ்வளவு உயரம்? ஊட்டி மாதிரி இருக்குமா?

உயரத்தில் ஏற்காட்டைச் சொல்லலாம். இங்கே உச்சமான தோர்னி ஃப்ளாட் 1,478 மீட்டர். ஆனால் உயரத்தை வைத்துக் குளிரைக் கணக்குப் போட்டுவிடாதீர்கள், அந்த உச்சியில் இருக்கும் ஸ்னோஷூ பனிச்சறுக்கு மையத்தில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினைந்து அடிப் பனி கொட்டுகிறது. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதும் உயரமான மலைத்தொடர் இதுதான்.

நில அமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். கிழக்குப் பாதியில் மலைகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்ட வரிசைகளாக ஓடும், நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்குகள். மேற்குப் பாதி அப்படி இல்லை, அது ஒரு பீடபூமி, ஓடைகள் அறுத்து அறுத்து மலையாக்கிவிட்டன. இரண்டுக்கும் நடுவில் கிரீன்பிரையர் ஆறு. தெற்கே ஹில்ஸ்பரோவுக்கு வந்தால் திடீரென்று நிலம் சமமாகி மாடு மேய்கிறது. அடியில் சுண்ணாம்புக்கல், மண் வளமானது. ஓடை ஒன்று பாதி வயலில் மண்ணுக்குள் இறங்கிக் காணாமல்போய் வேறெங்கோ ஊற்றாக வெளியே வரும். குகைகளும் நிறைய.

"ஆறுகளின் பிறப்பிடம்" என்று பலகை வைத்திருக்கிறார்களே, விளம்பரமா?

விளம்பரம்தான், ஆனால் உண்மை. எட்டு ஆறுகள் இந்தக் கவுண்டியில் தொடங்குகின்றன: கிரீன்பிரையர், காலி, எல்க், செர்ரி, கிரான்பெர்ரி, வில்லியம்ஸ், டைகார்ட் வேலி, ஷேவர்ஸ் ஃபோர்க். எல்லாத் தண்ணீரும் சுற்றி வளைத்து ஒஹையோ ஆற்றில் சேர்ந்து, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போய்விடும். கிழக்கு எல்லையில் அலெகெனி மலைமுகடு நிற்கிறது, அதற்கு அந்தப் பக்கம் விழுகிற மழை ஜேம்ஸ், பொட்டோமாக் ஆறுகள் வழியாக அட்லாண்டிக்குக்குப் போகும்.

தண்ணீர் அதிகம் என்றால் வெள்ளமும் அதிகம். 1985 நவம்பரில் வந்த வெள்ளத்தில் மேற்கு வர்ஜீனியாவில் 47 பேர் செத்தார்கள், மார்லின்டன் ஊரே மூழ்கியது. 1996 ஜனவரியில் திரும்பவும் மூழ்கியது. ஆறும் ஓடையும் சேருகிற தட்டையான இடத்தில் ஊர் கட்டினால் வேறென்ன நடக்கும்? ஆனால் இந்த மலையில் தட்டையான இடமே அதுதான்.

முதலில் வந்து குடியேறியவர்கள் யார்?

குடியேற்றத்துக்கு முன்னால் பழங்குடியினர் வேட்டையாடின, கடந்துபோன நிலம் இது. இன்று 219-ஆம் நெடுஞ்சாலை போகிற வழியின் பெரும் பகுதி அவர்களுடைய செனகா தடம்.

வெள்ளையர்களில் முதலில் வந்து தங்கியவர்கள் ஜேக்கப் மார்லின், ஸ்டீபன் சூவல் என்று இரண்டு பேர், 1749-ல். அலெகெனி மலைக்கு மேற்கே ஆங்கிலேயர்கள் போட்ட முதல் குடியிருப்புகளில் ஒன்று இது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை மனித வாடை இல்லாத காட்டில் ஒரே குடிசையில் இருந்த இந்த இரண்டு பேருக்கும் மதத்தை வைத்துச் சண்டை வந்துவிட்டது. சூவல் கோபித்துக்கொண்டு வெளியேறி, பக்கத்திலேயே பொந்து விழுந்த ஒரு பெரிய சைகமோர் மரத்துக்குள் குடி போய்விட்டார். காலையில் எழுந்தால் ஒருவருக்கொருவர் வணக்கம் மட்டும் சொல்லிக்கொள்வார்களாம். 1751-ல் நிலம் அளக்க வந்த ஆண்ட்ரூ லூயிஸ் இவர்களை இந்தக் கோலத்தில்தான் பார்த்தார். மார்லின் பெயர்தான் மார்லின்டன் ஆனது. சூவல் இன்னும் மேற்கே போனார், அங்கே ஒரு மலைக்கு அவர் பெயர்.

உள்நாட்டுப் போரில் இங்கே என்ன நடந்தது?

அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிக்கொண்ட அந்தப் போரில் இந்தக் கவுண்டி நடுவில் மாட்டிக்கொண்டது. 1863 ஜூன் 20 அன்று வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமாகி வடக்கோடு சேர்ந்தபோது இந்தக் கவுண்டியும் கூடவே போனது, ஆனால் இங்கே தெற்குப் பக்கம் சாய்ந்தவர்களே அதிகம். அதே ஆண்டு நவம்பர் 6 அன்று ட்ரூப் மலையில் சண்டை. தெற்கத்திய தளபதி எக்கோல்ஸ் மலை உச்சியில் வசதியாக உட்கார்ந்திருக்க, வடக்கத்திய தளபதி அவரெல் நேராக ஏறாமல் காலாட்படையைக் காட்டு வழியாகச் சுற்றி அனுப்பிப் பக்கவாட்டில் அடித்தார். எக்கோல்ஸ் தெற்கே ஓட வேண்டியதாயிற்று. மேற்கு வர்ஜீனியாவில் நடந்த கடைசிப் பெரிய சண்டை என்று இதைச் சொல்வார்கள். 1928-ல் அந்த இடத்தை மாநிலப் பூங்கா ஆக்கினார்கள். மேற்பார்வைக் கோபுரத்தில் ஏறி நின்றால் எக்கோல்ஸ் ஏன் அந்த இடத்தைப் பிடித்தார் என்று யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை, கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்.

எங்கே பார்த்தாலும் காடு. மனிதன் கை படாத காடா?

இந்தக் கேள்விக்காகத்தான் பாதிப் பக்கமே எழுதுகிறேன். இல்லை. இது மொட்டை அடிக்கப்பட்டு, எரிந்து, திரும்ப முளைத்த காடு. நீங்கள் பார்க்கிற மரங்களில் பெரும்பாலானவை நூறு வயதைச் சுற்றி.

1900 வரைக்கும் இங்கே பெரிய அளவில் வெட்ட வழியில்லை. ஆற்றோரத்து வெள்ளைப் பைன்களை வெட்டி, வசந்த கால வெள்ளத்தில் கிரீன்பிரையர் ஆற்றில் மிதக்கவிட்டுத் தெற்கே ரான்செவர்ட் ஊர் ஆலைக்கு அனுப்பினார்கள். உயரத்தில் இருந்த சிவப்பு ஸ்ப்ரூஸ் மரங்களை யாரும் தொடவில்லை, ஏனென்றால் கீழே இறக்க முடியாது. 1900-ல் ஆற்றங்கரை வழியாக ரயில் மார்லின்டனுக்கு வந்தது, கதை மாறியது. 1901-ல் ஒரு காகித நிறுவனம் காஸ் என்ற ஊரைக் கட்டி, மறு ஆண்டே அறுவை ஆலையை ஓட்டத் தொடங்கியது. 11 மணி நேர ஷிஃப்ட் இரண்டு, வாரத்துக்கு ஆறு நாள். பட்டை உரித்த ஸ்ப்ரூஸ் கட்டைகள் ரயிலேறி வர்ஜீனியாவின் கவிங்டன் காகித ஆலைக்குப் போயின. தொழிலாளி குடியிருந்த வெள்ளை மரவீடு கம்பெனியுடையது, மாவும் சட்டையும் வாங்கின கடை கம்பெனியுடையது. ஊருக்குள் குடிக்கக்கூடாது, அதனால் ஆற்றுக்கு அக்கரையில் சாராயக் கடையும் சூதாட்டமும் வரிசையாக முளைத்தன.

மலையில் ஸ்ப்ரூஸ் என்றே ஓர் ஊர் இருந்தது, ரயில் மட்டும்தான் போகும், சாலையே கிடையாது. இன்று அடித்தளக் கற்கள் மட்டும் மிச்சம்.

வெட்டின பிறகு நடந்ததுதான் கொடுமை. கிளைகளும் சிராய்களும் குவிந்து காய்ந்து கிடக்க, ரயில் எஞ்சினிலிருந்து ஒரு பொறி போதும். ஸ்ப்ரூஸ் காட்டின் தரை முழுக்க ஊசியிலைகள் மக்கிய மண், அதுவே விறகு மாதிரி எரியும். சில இடங்களில் பாறை தெரியும் வரை எரிந்தது. மழையைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லாததால் கீழே ஊர்கள் மூழ்கின. 1907-ல் மொனோங்காஹீலா ஆற்றில் வந்த பெரிய வெள்ளத்துக்கு இந்த மரவெட்டைக் குற்றம் சொன்னார்கள், அது 1911-ல் வீக்ஸ் சட்டத்துக்கு ஒரு காரணமானது. அந்தச் சட்டத்தின்படி அரசாங்கம் மொட்டை மலைகளை விலைக்கு வாங்கி 1920-ல் மொனோங்காஹீலா தேசியக் காடு என்று அறிவித்தது. 1930-களில் வேலையில்லா இளைஞர்களைக் கொண்டுவந்து முகாம் போட்டு மரம் நட்டார்கள், சாலை போட்டார்கள், வட்டோகா மாநிலப் பூங்காவின் மரக் குடில்களைக் கட்டினார்கள். இன்றைக்குக் கவுண்டியில் பாதிக்கு மேல் பொது நிலம்.

அப்படியானால் பழைய மரம் ஒன்றுகூட மிச்சம் இல்லையா?

கொஞ்சம் இருக்கிறது, அதுவும் ஒரு தப்பால். வடக்கு எல்லையில் காடினியர் குன்றுப் பக்கம், ஒரு காலத்தில் நிலம் அளந்தவர் திசைகாட்டி ஊசியின் விலகலைக் கணக்கில் எடுக்காமல் விட்டதால் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு நிலம் விடுபட்டுப்போனது. பக்கத்தில் எல்லாம் வெட்டியபோது இதை மட்டும் விட்டுவிட்டார்கள். சுமார் 50 ஏக்கரில் பழைய ஸ்ப்ரூஸ் மரங்கள் அப்படியே நிற்கின்றன. ஒரு சின்ன வட்டப் பாதை உண்டு, குழந்தைகளும் நடக்கலாம்.

காஸ் ரயில் இன்னும் ஓடுகிறதா? போகலாமா?

கண்டிப்பாகப் போங்கள். ஆலை 1960 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பழைய இரும்பாக விற்கப் போன நேரத்தில் ரயில் பைத்தியங்கள் சிலர் மாநில அரசைப் பிடித்து வாங்க வைத்து, 1963-ல் பயணிகளோடு ஓட்டத் தொடங்கினார்கள்.

எஞ்சினைக் கொஞ்ச நேரம் வலது பக்கம் நின்று பாருங்கள். ஷே என்ற வகை இது, சாதாரண நீராவி எஞ்சின் மாதிரி பெரிய சக்கரத்தைத் தண்டு தள்ளுவது கிடையாது. பிஸ்டன்கள் செங்குத்தாக வலது பக்கத்தில் மட்டும் இருக்கும். அவை ஒரு நீண்ட தண்டைச் சுழற்ற, அந்தத் தண்டிலிருந்து பற்சக்கரங்கள் ஒவ்வொரு சக்கரத்தையும் திருப்பும். எல்லாச் சக்கரமும் இழுப்பதால் நூறடிக்குப் பதினோரு அடி ஏறுகிற சரிவிலும் வழுக்காது. வேகம் நடையைவிடக் கொஞ்சம் அதிகம், சத்தமோ எக்ஸ்பிரஸ் போகிற சத்தம். எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். வளைய இடமில்லாத இடத்தில் முன்னால் போய் நின்று, தண்டவாளம் மாற்றி, பின்னால் ஏறி, இப்படி இசட் எழுத்து மாதிரி மேலே போவார்கள். பெட்டிகள் முன்பு மரம் ஏற்றின திறந்த வண்டிகள், இப்போது கூரையும் பெஞ்சும் போட்டிருக்கிறார்கள். நிலக்கரித் துகள் தலையில் விழும், வெள்ளைச் சட்டை வேண்டாம். பால்ட் நாப் உச்சிக்கு 11 மைல். ஜூலையிலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றோர ரயில் என்ன ஆனது?

மரம் தீர்ந்தது, சரக்கு தீர்ந்தது, 1970-களின் கடைசியில் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கி அந்த வழியையே சைக்கிள் பாதை ஆக்கினார்கள். காஸில் தொடங்கித் தெற்கே 78 மைல், இரண்டு குகைப்பாதைகள், ரயிலுக்குப் போட்டது என்பதால் ஏற்றமே தெரியாது. முழுசாகப் போகத் தேவையில்லை, மார்லின்டனிலிருந்து ஒரு மணி நேரம் மிதித்துவிட்டுத் திரும்பினாலே போதும்.

சரி, செல்போன் ஏன் எடுக்காது?

கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கிக்காக. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகள் மிக மிகப் பலவீனமானவை. பக்கத்தில் ஒரு செல்போன் பேசினாலே அதில் மூழ்கிப்போகும். அதனால் 1950-களில் அமெரிக்க அரசு இடம் தேடியபோது மலைகள் சுற்றிச் சுவர்போல் நிற்கிற, ஆள் குறைந்த, வாஷிங்டனுக்கு ரொம்பத் தூரமில்லாத இந்தப் பள்ளத்தாக்கைப் பிடித்தார்கள். 1956-ல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அதன்படி தொலைநோக்கிக்குப் பத்து மைலுக்குள் மின்கருவிகள் கிளப்பும் ரேடியோ இரைச்சலுக்குக் கட்டுப்பாடு. 1958-ல் மத்திய அரசு 13,000 சதுர மைலுக்கு வானொலி அமைதி மண்டலம் அறிவித்தது. அந்தப் பெரிய மண்டலத்தில் போன் முழுசாகத் தடை என்று நினைக்காதீர்கள், கோபுரம் வைக்கிறவர்கள் ஆய்வகத்தோடு பேசித் திசையையும் சக்தியையும் குறைக்க வேண்டும். தொலைநோக்கியை நெருங்க நெருங்கத்தான் கெடுபிடி.

ஆய்வக வளாகத்துக்குள் டீசல் வண்டிதான் ஓட்டுவார்கள், பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் இரைச்சல் கிளப்பும் என்பதால். சுற்றிக்காட்டும் பேருந்தும் டீசல்தான். ஒரு கதவைத் தாண்டினால் போன், டிஜிட்டல் கேமரா எதையும் இயக்கக்கூடாது.

அந்தத் தொலைநோக்கி எவ்வளவு பெரியது?

உயரம் 148 மீட்டர், எடை 7,700 டன் அளவு, தட்டின் பரப்பு 2.3 ஏக்கர். இவ்வளவையும் வைத்துக்கொண்டு வானத்தின் எந்தத் திசைக்கும் திரும்பும். திரும்பும் வானொலித் தொலைநோக்கிகளில் உலகிலேயே பெரியது. தட்டு வட்டமாக இருக்காது, 100-க்கு 110 மீட்டர். அலைகளை வாங்கும் கருவியை நடுவில் தொங்கவிடாமல் பக்கவாட்டுக் கையில் நீட்டி வைத்திருக்கிறார்கள், நிழல் தட்டில் விழாது.

இது 2000-ல் திறந்தது. இதற்கு முன் இருந்த 300 அடித் தொலைநோக்கி 1988 நவம்பர் 15 இரவு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இடிந்து விழுந்தது. யாருக்கும் காயமில்லை. அதற்கும் முன்னால், 1960-ல், ஃபிராங்க் டிரேக் இங்கிருந்துதான் இரண்டு நட்சத்திரங்கள் பக்கம் 85 அடித் தட்டைத் திருப்பி வேற்றுக்கிரகவாசிகள் பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. நம்மோடு பேசக்கூடிய வேற்றுக்கிரகவாசிகள் எத்தனை இடத்தில் இருக்கலாம் என்று கணக்குப் போட, அடுத்த ஆண்டு இங்கே நடந்த கூட்டத்துக்காக அவர் எழுதின சமன்பாடு இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

உள்ளூர்க்காரர்களுக்கு இந்த அமைதி பிடித்திருக்கிறதா?

ஆளைப் பொறுத்தது. செல்போன் அலையால் உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்லி நாட்டின் பல மூலைகளிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், விபத்து நடந்த இடத்திலிருந்து கூப்பிட முடியாத மலைச்சாலை, ஆம்புலன்ஸ்காரர்களின் வாக்கிடாக்கிக்கும் கட்டுப்பாடு. வீடுகளில் வைஃபை பலபேர் வைத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். "பழமை மாறாத கிராமம்" என்று பத்திரிகைகள் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும். சட்டம் போட்டு, மற்றவர்கள் அறிவியலுக்காக, இந்த 7,000 சொச்சம் பேர் தலையில் வைத்த அமைதி அது. தொலைநோக்கி வேலையும் தருகிறது என்பதால் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கிரான்பெர்ரி கிளேட்ஸ் என்றால் என்ன?

மலை மேல் ஒரு சதுப்பு நிலம், 750 ஏக்கர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பனி யுகத்தில் பனிப்பாறைகள் இவ்வளவு தெற்கே வரவில்லை, ஆனால் குளிர் வந்தது, அதோடு கனடாப் பக்கத்துச் செடிகளும் இறங்கி வந்தன. குளிர் திரும்பிப் போனபோது குளிர்காற்று தேங்கி நிற்கும் இந்தக் கிண்ணத்தில் மட்டும் அவை தங்கிவிட்டன. அரை மைல் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். மண்டியிட்டுப் பாருங்கள், பாசிக்கு நடுவில் பத்து பைசா அளவுச் சிவப்புச் செடி, இலை முழுக்கப் பசைத்துளி, அதில் ஒட்டிக்கொண்ட கொசு. பூச்சி தின்னும் பனித்துளிச் செடி. நின்றபடி போனால் ஒன்றும் கண்ணில் படாது.

அதற்குப் பக்கத்து மலையில் 1938 முதல் 1960 வரை ஒரு மத்தியச் சிறை இருந்தது, மில் பாயின்ட் சிறை. மதிலும் கிடையாது, முள்வேலியும் கிடையாது, எல்லையைக் காட்ட வெள்ளைக் கம்பங்கள் மட்டும். போருக்குப் போக மாட்டோம் என்று மறுத்தவர்களையும் இங்கேதான் வைத்தார்கள். தப்பி ஓடினால் எங்கே போவது? சுற்றிலும் கரடிக் காடு.

பெயர் பெற்றவர்கள் யாராவது?

பேர்ல் பக், 1938-ல் இலக்கிய நோபல் வாங்கியவர், 1892-ல் ஹில்ஸ்பரோவில் தாத்தா வீட்டில் பிறந்தார். மூன்று மாதக் குழந்தையாகச் சீனாவுக்குப் போய்விட்டார். அந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது.

நம் நிறத்து ஆட்கள் போகலாமா?

நேராகவே சொல்கிறேன். மக்கள் கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர்கள். வில்லியம் பியர்ஸ் என்ற வெள்ளை இனவெறியர் 1985-ல் தன் அமைப்பின் தலைமையிடத்தை மில் பாயின்ட் பக்கத்து மலைக்குக் கொண்டுவந்தார். 2002-ல் அவர் இறந்த பிறகு அது தேய்ந்துபோனது. அவர் வெளியூர்க்காரர், இடம் மலிவு, ஆள் நடமாட்டம் இல்லை என்று வந்தவர். கடைக்காரர்களும் பூங்கா ஊழியர்களும் நன்றாகவே பேசுவார்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்பார்கள், அவ்வளவுதான்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

சிரமம். சீஸ் சாண்ட்விச், உருளைக்கிழங்கு வறுவல், பீட்சா. வசந்த காலத்தில் ராம்ப்ஸ் என்ற காட்டுப் பூண்டு வரும், உருளைக்கிழங்கோடு வதக்கித் தருவார்கள், அருமை, ஆனால் வாடை இரண்டு நாள் போகாது. செப்டம்பர் கடைசியில் மார்லின்டனில் சாலையில் அடிபட்டுச் செத்த விலங்குகளின் பெயரால் ஒரு சமையல் போட்டி நடக்கும், பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், வேடிக்கை பார்க்கப் போகலாம். மற்றபடி புளிசாதம் கட்டிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

எப்போது போவது? என்ன கவனிக்க வேண்டும்?

அக்டோபர் முதல் இரண்டு வாரம் இலை நிறம் மாறும், ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். இரவு வானத்துக்கு வட்டோகா பூங்கா, 2021-ல் இருள்வானப் பூங்கா என்று அங்கீகாரம் வாங்கியது. ஹைலேண்ட் சீனிக் நெடுஞ்சாலையின் மலைமேல் பகுதியில் குளிர்காலத்தில் பனி அள்ள மாட்டார்கள், டிசம்பருக்கு மேல் அந்த வழியை மறந்துவிடுங்கள். ஊர் வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் காகித வரைபடமும். பெட்ரோலைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். இருட்டிய பிறகு மான்கள் சாலையில் நிற்கும், மெதுவாக ஓட்டுங்கள்.